காலை எடுத்தால் நின்றுவிடும் வண்டி

பிப்ரவரி 9

அண்ணனுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை. சிறைக்குள் யாரும் சௌக்கியமாக இருப்பதில்லை. வெளியே நானும் இல்லை. உனக்கு எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். உன் வேன் எழுத வைத்துவிட்டது.

காலையில் சாவியைத் திருப்பினால் முனகுகிறது, பாப்பாவைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்பும்போது முனகுவாளே, அதே மாதிரி. கெஞ்சிக் கூத்தாடி ஸ்டார்ட் ஆனாலும், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் ஆஃப். நேற்று சிக்னலில் நின்றுவிட்டது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தே என் உயிரை வாங்கிவிட்டார்கள்.

துவைத்த விரிப்புகளைக் காலையிலேயே லாட்ஜ்களில் கொடுத்துவிட்டு அழுக்கை எடுத்து வரவேண்டும். இரண்டு தடவை தவறினால் வேறு சலவைக்காரரைப் பார்த்துக்கொள்வார்கள். அப்புறம் பிள்ளையை வளர்க்கத் துப்பில்லாதவள் என்று என்னைப் பற்றி எழுதிக் கொடுக்க வேறென்ன வேண்டும்? பாப்பாவைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லி அவள் அப்பா கோர்ட்டில் மனுப் போட்டிருக்கிறார். ஆமாம், ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார். தாடைக்குள் கம்பி இருக்கிறதாம். பேச்சு கொஞ்சம் குழறுகிறது, திட்டுவது மட்டும் தெளிவாக வருகிறது.

எனக்காகத்தான் அடித்ததாகக் கோர்ட்டில் சொன்னாய். அவர் அறைந்து என் இடது காது கிழிந்த அன்று நீ ஓடி வந்து அடித்த முதல் அடி எனக்காகத்தான். அவர் கீழே விழுந்த பிறகும் அடித்தாயே, அந்த மீதியெல்லாம் உனக்காக. அந்த மீதிக்குத்தான் நீ உள்ளே இருக்கிறாய், நான் இங்கே ஒண்டியாக இருக்கிறேன். அது எனக்கு ஆறவே இல்லை.

வண்டிக்கு மட்டும் பதில் எழுது.

தங்கை


பிப்ரவரி 17

மிளகாய்க்கு,

கடிதத்தைப் பிரித்ததுமே நாக்கு எரிந்தது. நீதான் என்று தெரிந்துகொண்டேன்.

நீ சொல்வது ஒரு நோய் இல்லை, இரண்டு. ஸ்டார்ட் ஆகாதது ஒன்று, ஸ்டார்ட் ஆனபிறகு அணைந்துபோவது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு கண்டதையெல்லாம் கழற்றாதே. வண்டி வைத்திருக்கும் பாதிப் பேர் செய்கிற தப்பு அதுதான்.

முதலில் முனகல். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பேட்டரி இருக்கிறது. இரண்டு முனைகளிலும் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கும். ஒயர்களைக் கழற்று. மைனஸை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதுதான் கடைசி. வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து இறுக்கு. கையால் ஆட்டினால் அசையக் கூடாது. சோக்கை முழுக்க இழுத்துவிட்டு சாவியைத் திருப்பு. அதற்குப் பிறகும் முனகினால் பேட்டரி செத்துவிட்டது. செல்ஃப் விர்ரென்று சுற்றினால் அந்த நோய் தீர்ந்தது.

அதன்பிறகு பக்கத்து சீட்டைத் தூக்கு, எஞ்சின் அடியில்தான் இருக்கிறது. ஒரு பிளக்கைக் கழற்றி நுனியைப் பார். கரியாக ஈரமாக இருக்கிறதா, சாம்பலாக வெளுத்திருக்கிறதா, பழுப்பாக இருக்கிறதா? எஞ்சின் நிற்கும்போது தடுமாறித் தடுமாறி நிற்கிறதா, விளக்கை அணைத்த மாதிரி பட்டென்று நிற்கிறதா? உஸ் என்று காற்று இழுக்கிற சத்தம் வருகிறதா? காது கொடுத்துக் கேள். எஞ்சின் பொய் சொல்லாது.

இங்கே கடிதங்களைப் படித்துப் பார்த்து முத்திரை குத்துகிற வார்டரிடமும் ஒரு கிழட்டு வண்டி இருக்கிறதாம். நீ எழுதியதைப் படித்துவிட்டு, "என் வண்டியும் இதே பாடுதான்யா படுத்துது, என்ன பதில் போடப் போறே"ன்னு கேட்டுக்கொண்டு நிற்கிறார். நன்றாகப் படியுங்கள் ஐயா, உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

மீதி அடியெல்லாம் எனக்காக என்கிறாய். யாருக்காக இருந்தால் என்ன? வாங்கினவன் ஒருத்தன்தானே. எனக்கு அதில் வருத்தம் இல்லை. நீ இன்னும் அவனை 'அவர்' என்று எழுதுகிறாய் பார், அதுதான் வருத்தம்.

அண்ணன்


பிப்ரவரி 26

அண்ணா,

பேட்டரி முனைகளில் நீ சொன்ன மாதிரியே பூத்திருந்தது, மாவு கொட்டினதுபோல. கழுவித் தேய்த்து இறுக்கினேன். இப்போது செல்ஃப் விர்ரென்று சுற்றுகிறது. காலையில் ஒரே திருப்பில் ஸ்டார்ட். அதற்கு ஒரு கும்பிடு.

ஆனால் காலை எடுத்தால் நிற்பது நின்றபாடில்லை. ஓட்டமெல்லாம் நன்றாக இருக்கிறது, ஏற்றத்தில்கூட இழுக்கிறது. நின்றால்தான் சாகிறது. அதனால் சிக்னலில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு ரேஸ் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன். பக்கத்தில் நிற்கிறவர்கள் பந்தயத்துக்கு வருகிறேன் என்று நினைத்து முறைக்கிறார்கள்.

காது கொடுத்துக் கேள் என்று எழுதியிருந்தாய். எந்தக் காதைக் கொடுக்க? இடதில் எந்நேரமும் தண்ணீர்க் குழாய் திறந்துவிட்ட இரைச்சல். வலதில் சத்தம் கேட்கிறது, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிவதில்லை. கடைசியில் பாப்பாவைத்தான் எஞ்சின் பக்கத்தில் உட்கார வைத்தேன். உஸ் இல்லை என்றாள். "தடுமாறல மா, பட்டுனு நிக்குது" என்றாள். பிளக் நுனி பழுப்பு. அவளுக்கு இதெல்லாம் விளையாட்டு. ஏழு வயதுப் பிள்ளைக்கு என் காது வேலையைக் கொடுத்திருக்கிறேன்.

அவர் பள்ளிக்கூட வாசலில் இரண்டு முறை வந்து நின்றார். பாப்பாவுக்கு மிட்டாய் கொடுத்துவிட்டு, "அம்மா வேணுமா, அப்பா வேணுமா"ன்னு கேட்டாராம். இனி வாட்ச்மேன் என் கையில்தான் பிள்ளையை விடுவார். சொல்லி வைத்துவிட்டேன்.

தங்கை


மார்ச் 5

மிளகாய்,

பாப்பாவை வேலைக்கே எடுத்துக்கொள்ளலாம். 'பட்டுனு நிக்குது' என்று சொன்னாளே, பாதி நோயை அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

பிளக் பழுப்பு என்றால் எரிவது சரியாக எரிகிறது. உஸ் இல்லை என்றால் காற்று ஒழுகவில்லை. ஓட்டத்தில் நன்றாக இருந்து நிற்கும்போது மட்டும் பட்டென்று அணைகிறது என்றால் ஒரே இடம்தான். கார்புரேட்டரின் பக்கவாட்டில் கட்டைவிரல் பருமனில் பித்தளையில் ஒரு வால்வு இருக்கும். அதில் ஒற்றை ஒயர் மாட்டியிருக்கும். காலை எடுத்த பிறகு எஞ்சின் குடிக்கிற சொட்டுப் பெட்ரோல் அந்த வழியாகத்தான் போகும். ஒயரில் கரண்ட் வந்தால் வால்வு திறக்கும். வராவிட்டால் மூடிக்கொள்ளும், நீ காலை எடுத்ததும் எஞ்சின் பட்டினி. ஆக்சிலேட்டரை மிதித்தால் பெட்ரோல் வேறு வழியாகப் போகிறது, அதனால் ஓடுகிறது.

வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் பாதி திருப்பு. பாப்பாவை வால்வு பக்கம் காது வைக்கச் சொல். ஒயரைக் கழற்றி மாட்டும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரவேண்டும். வராவிட்டால் ஒயர் எங்கோ விட்டுப்போயிருக்கிறது.

பள்ளிக்கூட வாசலுக்கு வருகிறவனிடம் சொல், நான் இங்கேயே குடியிருக்கப் போவதில்லை என்று. தாடையில் இன்னொரு பக்கம் பாக்கி இருக்கிறது.

அண்ணன்


மார்ச் 14

அண்ணா,

ஒயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. முனை பச்சைப் பாசி பிடித்திருந்தது. சுரண்டி மாட்டினேன். பாப்பா, "டிக்குங்குது மா, டிக்குங்குது" என்று குதித்தாள். ஸ்டார்ட் பண்ணிக் காலை எடுத்தேன். நிற்கவில்லை. முற்றத்தில் அப்படியே விட்டுவிட்டுப் போய் முகம் கழுவினேன், அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அது நடந்து இரண்டு நாள் கழித்து அவன் வந்தான்.

சலவை அறைக்குள் நான் விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அணையாமல் ஓடுகிறதா என்று பார்க்க வேனை வெளியே ஓட விட்டிருந்தேன், அந்த இரைச்சலில் அவன் வந்தது எனக்குக் கேட்கவில்லை. செவிட்டுப் பக்கமாக வந்தான். கொத்தாக முடியைப் பிடித்து மேஜைமேல் சாய்த்து, என் கையை எடுத்து இஸ்திரிப் பெட்டியின் அடியில் வைத்து அழுத்தினான். தோல் பொசுங்குகிற வாடையும் துணி தீய்கிற வாடையும் ஒன்றுதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். வயிற்றில் உதைத்தான். எழுந்திருக்கப் பார்த்தபோது மறுபடியும் உதைத்தான். பாப்பா பள்ளிக்கூடத்தில் இருந்தாள், அது ஒன்றுதான் நல்லது.

போகும்போது வாசலில் நின்று வேனைப் பார்த்தான். "வண்டி நல்லாத்தானே ஓடுது. கோர்ட்டு எழுதித் தர்ற வரைக்கும் நான் உட்கார்ந்திருக்க மாட்டேன். உன் வண்டியிலயே வச்சு அவளைக் கூட்டிட்டுப் போறேன், நீ பின்னாடி ஓடி வந்து பாரு" என்றான்.

ஸ்டேஷனில் குடும்பத் தகராறு, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். கட்டுப் போட்ட கையை மேஜைமேல் வைத்துக் காட்டினேன். இஸ்திரி போடும்போது கவனமாக இருக்க வேண்டாமா என்று கேட்டார் அங்கிருந்தவர்.

இது இடது கையால் எழுதியது. எழுத்து கோணல், மன்னித்துக்கொள்.

தங்கை


மார்ச் 20

மிளகாய்,

உன் கடிதத்தை என் கையில் கொடுக்கும்போதே வார்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. படித்துவிட்டுச் சுவரில் குத்தினேன். விரல் வீங்கிக் கிடக்கிறது. அவன் கழுத்து இங்கே இல்லை, சுவர்தான் இருந்தது.

கேள். அந்த வேனின் சாவித் துவாரம் தேய்ந்துபோனது. ஸ்பூனை விட்டுத் திருப்பினாலும் ஸ்டார்ட் ஆகும், அவனுக்கும் அது தெரியும். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வை. வேண்டும்போது மாட்டிக்கொள். கதவுக்குப் பக்கத்தில் வீல் ஸ்பேனரை வைத்துக்கொள். மறுபடி வந்தால் தலையில் போடு. ஒரு தடவை போட்டுவிட்டு நிற்காதே. எழுந்திருக்க விட்டால் அவன் உன்னைக் கொன்றுவிடுவான். எழுந்திருக்க முடியாதபடி போடு. எத்தனை வருஷம் போட்டாலும் நான் உள்ளே இருந்துகொள்கிறேன், நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று எழுதிக் கொடுக்கிறேன்.

இதையெல்லாம் வெட்டிவிடாமல் அனுப்புங்கள் வார்டர் ஐயா. உங்களுக்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அண்ணன்


மார்ச் 29

அண்ணா,

கை பரவாயில்லை. வீல் ஸ்பேனர் சலவை அறைக் கதவுக்கு முட்டாக இருக்கிறது.

பேட்டரியைத் தினமும் கழற்றி ஏற்றி இறக்க எனக்கு முதுகு இல்லை. அதுவுமில்லாமல் நான் பிள்ளையை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓட வேண்டி வந்தால், பேட்டரி மாட்டும்வரை அவன் காத்துக்கொண்டு நிற்பானா?

வண்டி மறுபடியும் பழையபடிதான். காலை எடுத்தால் நிற்கிறது. எனக்குப் பழகிவிட்டது. பாப்பாவுக்கும் பழகிவிட்டது, சிக்னல் வந்தாலே "கால எடுக்காதம்மா" என்று சொல்லிவிடுகிறாள். நீ அதைப் பற்றிக் கவலைப்படாதே.

தங்கை


ஏப்ரல் 6

மரமண்டைக்கு,

கவலைப்படாதேயா? ஒரு ஒயர்! ஒரே ஒரு ஒயர்! எங்கே இருக்கிறது, என்ன செய்யும், எப்படி மாட்ட வேண்டும் என்று பால்வாடிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எழுதியிருந்தேன். நீயும் மாட்டினாய், 'டிக்' சத்தமும் கேட்டது, வண்டியும் அணையாமல் ஓடியது. இப்போது பழகிவிட்டதாம்.

முனை லூஸாக இருக்கும். பிளையரால் லேசாக நெரித்து மாட்டு, கழலாது. அவன் துரத்தும்போது வண்டி நடுரோட்டில் அணைந்தால் என்ன செய்வாய்? யோசித்தாயா? என் கடிதத்தை வைத்துக்கொண்டு வார்டரே அவர் வண்டியைச் சரி பண்ணிவிட்டார். அதிகாலைக் குளிரில்கூட அணையாமல் ஓடுகிறதாம், ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவருக்கு இருக்கிற அறிவு உனக்கு இல்லையா?

இன்றைக்கே மாட்டு. மாட்டிவிட்டு எழுது.

அண்ணன்


ஏப்ரல் 15

அண்ணா,

ஒயர் தானாகக் கழலவில்லை. நான்தான் கழற்றினேன்.

அவன் முற்றத்தில் நின்று வண்டி நல்லாத்தானே ஓடுது என்று சொல்லிவிட்டுப் போனானே, அன்றைக்கே கட்டுப் போட்ட கையோடு சீட்டைத் தூக்கி அதைப் பிடுங்கி, முனையில் டேப் சுற்றி உள்ளே செருகிவிட்டேன். எனக்கு ஓட்டத் தெரிந்த வண்டி அவனுக்கு ஓட்டத் தெரியக் கூடாது, அவ்வளவுதான். உனக்கு எழுதவில்லை. உனக்கு வரும் கடிதம் பல கைகள் மாறுகிறது, உனக்கும் ஓட்டை வாய். நீ திட்டினதைப் படித்துச் சிரித்துக்கொண்டேன், அதற்கு மட்டும் மன்னிப்பு.

போன வாரம் காலையில் விரிப்பு மூட்டைகளை ஏற்றிவிட்டு, பாப்பாவை முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டு, கடைசி மூட்டைக்கு உள்ளே போனேன். மூட்டையோடு திரும்பி வரும்போது வேன் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. பாப்பாவின் பள்ளிப் பை முற்றத்தில் கிடந்தது.

கதவுக்கு முட்டாக இருந்த ஸ்பேனரை உருவிக்கொண்டு ஓடினேன். செருப்பு எங்கே போனதென்று தெரியாது. எங்கள் தெரு நேர்த் தெரு, அவன் மிதித்துக்கொண்டே போனதால் வண்டியும் போனது. தெருமுனையில் பெரிய சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவன் நின்றாக வேண்டும். நின்றான். காலை எடுத்தான்.

அணைந்தது, அண்ணா. எனக்குச் சத்தம் கேட்கவில்லை, பின்னால் புகை நின்றதைப் பார்த்தேன். மறுபடி ஸ்டார்ட் பண்ணினான், வண்டி ஒரு குதி குதித்தது, இன்னொரு லாரி வந்தது, மறுபடி அணைந்தது. அப்புறம் செல்ஃபைப் போட்டு அரைத்துக்கொண்டே இருந்தான். கிட்டே போகும்போது பெட்ரோல் வாடை குப்பென்று வந்தது.

ஜன்னல் கண்ணாடியில் போட்டேன். அவன் கதவை என்மேல் திறந்து தள்ளினான். விழுந்தேன். இறங்கி வந்து என் முடியைப் பிடித்துத் தலையைக் கதவு விளிம்பில் மோதினான், ஒரு தடவை, இன்னொரு தடவை. கண்ணில் ரத்தம் இறங்கிப் பாதி உலகம் சிவப்பாகிவிட்டது. தொண்டையைப் பிடித்தான். ஸ்பேனர் கையிலேயே இருந்தது. அவன் மணிக்கட்டில் அடித்தேன். எலும்பு போனதைக் காதால் கேட்கவில்லை, இரும்பு வழியாக என் உள்ளங்கைக்கு வந்தது. அது பாப்பாவுக்காக. முழங்காலில் அடித்தேன், அவன் ரோட்டில் மடங்கி விழுந்தான். அதுவும் பாப்பாவுக்காகத்தான்.

மூன்றாவது தோளில் விழுந்தது. அப்போது அவன் என்னைத் தொடவில்லை, முதுகைக் காட்டிக்கொண்டு தவழ்ந்தான். அது எனக்காக. உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும், நன்றாக இருந்தது. குளிர்ந்த தண்ணீரில் பொசுங்கின கையை வைத்த மாதிரி இருந்தது. உன்மேல் நான் வைத்திருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. நாலாவது அடிக்குத் தூக்கினேன். கம்பி வைத்த தாடைக்கு நேராக. நீ எழுதின மாதிரி, எழுந்திருக்க முடியாதபடி.

வலது காதில் பாப்பாவின் குரல் விழுந்தது. வண்டிக்குள்ளிருந்து இறங்காமல் கத்திக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னேம்மா. கால எடுக்கக் கூடாதுன்னு அப்பாட்ட சொன்னேம்மா. என்னை அடிக்காதம்மா."

தன்னால்தான் சண்டை என்று நினைத்திருக்கிறாள். கையில் இரும்போடு நின்ற என்னைப் பார்த்து, அடுத்தது தனக்குத்தான் என்று நினைத்திருக்கிறாள். கை தானாக இறங்கிவிட்டது. கதவைத் திறந்து பார்த்தால் அவள் கன்னத்தில் அவன் விரல்கள் நாலும் பதிந்திருந்தன.

முதல் தடவை அணைந்தபோதே அவள் சொல்லியிருக்கிறாள். உதவி செய்வதாக நினைத்துத்தான். "கால எடுக்காம மிதிச்சுக்கிட்டே இருங்கப்பா, அப்பத்தான் நிக்காது." அவன் அதைக் கேட்டிருந்தால் சாலையைக் கடந்து போயிருப்பான். நான் தெருமுனையில் வெறுங்காலோடு நின்றிருப்பேன். கேட்கவில்லை. வாயை மூடு என்று அறைந்துவிட்டு மறுபடி காலை எடுத்தான்.

அவன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், வாசலில் போலீஸ். இந்தத் தடவை தெருவே பார்த்ததால் குடும்பத் தகராறு என்று சொல்ல முடியவில்லை. என்மேலும் கேஸ் உண்டு, ஆனால் வீட்டில்தான் இருக்கிறேன். நாலாவதும் விழுந்திருந்தால் உன் பக்கத்துக் கட்டடத்திலிருந்து எழுதிக்கொண்டிருப்பேன் என்கிறார் வக்கீல். ஸ்பேனரைச் சாட்சியாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், டயர் பஞ்சரானால் இனி பல்லால்தான் கழற்ற வேண்டும். தலையில் தையல். சேலையை உடனே பச்சைத் தண்ணீரில் போட்டேன், ரத்தத்துக்கு வெந்நீர் ஆகாது.

பாப்பா தினமும் ஒன்றே ஒன்றைக் கேட்கிறாள். "நான் அப்பாட்ட சரியாத்தானேம்மா சொன்னேன், அப்புறம் ஏன் அடிச்சாங்க?" நான் என்ன பதில் சொல்ல? ராத்திரியெல்லாம் அவள் என் பக்கத்தில் படுக்காமல் சுவர் ஓரமாகப் படுக்கிறாள். நீ சொல்.

தங்கை


ஏப்ரல் 22

தங்கைக்கு,

வார்டர் உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, நான் படித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார்.

எழுந்திருக்க முடியாதபடி போடு என்று நான் எழுதியதைக் கிழித்துப் போடு. நீ மூன்றில் நிறுத்தினாய். நான் எண்ணவே இல்லை. என்னைக் கூப்பிட்டு நிறுத்த அன்றைக்கு அங்கே நீ மட்டும்தான் இருந்தாய், நீயும் பேச முடியாமல் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தாய். அதனால்தான் நான் நிறுத்தவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உன்னால் கூப்பிட முடிந்திருந்தாலும் நான் கேட்டிருப்பேனா என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

பாப்பாவிடம் சொல். அவள் சொன்னது ரொம்பச் சரி. வண்டியைப் பற்றி அவள் சொன்ன எல்லாமே முதல் நாளிலிருந்து சரிதான், மாமாவே எழுதியிருக்கிறார் என்று படித்துக் காட்டு. அடித்தது அவள் சொன்னதற்காக இல்லை. அவனுக்கு அடிக்கத்தான் தெரியும், கேட்கத் தெரியாது. கேட்கத் தெரியாதவனுக்கு வண்டி ஓடாது. இதையும் படித்துக் காட்டு. நீ யாரை அடித்தாலும் அவளை அடிக்க மாட்டாய் என்பதை மட்டும் படித்துக் காட்டாதே. அதை நீயே உன் வாயால் சொல்ல வேண்டும், அவள் நம்புகிறவரைக்கும் சொல்ல வேண்டும்.

அப்புறம் இரண்டு பேருமாக சீட்டைத் தூக்குங்கள். டேப்பைப் பிரித்து, முனையைச் சுரண்டி, பிளையரால் லேசாக நெரித்து ஒயரை மாட்டுங்கள். இனி அது கழன்று கிடக்க வேண்டாம். சாவியைப் பாதி திருப்பு. அவளைக் காது வைக்கச் சொல்.

'டிக்' சத்தம் கேட்டதா என்று அவள் கையால் எழுதி வரட்டும்.

அண்ணன்